‘நான் சொன்னதை அப்பாகிட்ட சொல்லிடுவாங்களா?’ – கஸ்டடி வழக்கில் குழந்தைக்காகப் பேச யாரைக் கேட்பது

மூன்றாம் வகுப்பு முடித்திருந்த பையன். நீதிபதியின் அறைக்குள் போனவன் பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். டவாலி கதவைச் சாத்தினார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “சித்தி, நான் சொன்னதை அப்பாகிட்ட சொல்லிடுவாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வக்கீல், “அதெல்லாம் சொல்ல மாட்டாங்கடா தங்கம்” என்றார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அது. இரண்டு வாரம் கழித்து வந்த உத்தரவில் அவன் பேசியது மூன்று வரியாக இருந்தது. உத்தரவின் நகல் இரண்டு தரப்புக்கும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அக்காவின் அந்த வழக்கு முடிந்து சில வருடம் ஆகிறது. அதற்கப்புறம், கஸ்டடி வழக்கில், அதாவது பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், நிற்கிற தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே விஷயம்தான். குழந்தை மனசில் இருப்பதை நீதிமன்றத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? நீதிபதியே பேசட்டுமா, கவுன்சலரிடம் விடலாமா, மனநல மருத்துவரிடம் அறிக்கை கேட்கலாமா, குழந்தைக்கென்று தனி வக்கீல் வைக்க முடியுமா? நான் வக்கீல் இல்லை. வாய்தா வாய்தாவாக அக்காவோடு அலைந்ததிலும், பிறகு சட்டத்தையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்ததிலும் தெரிந்துகொண்டதை வைத்து இந்த நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

என் அளவுகோல் இரண்டு. அந்தப் பையன் கேட்டதே முதலாவது: பிள்ளை சொன்னது யார் யாருக்குப் போய்ச் சேரும்? இரண்டாவது: அடுத்த வாய்தாவுக்கும் அதே ஆள் அந்தப் பிள்ளைக்காக இருப்பாரா? செலவு, காலதாமதமெல்லாம் அப்புறம்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் இளவர் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, எல்லா மதத்தினருக்கும். அதன் 17-ஆவது பிரிவு, விவரம் தெரிந்து விருப்பம் சொல்லக்கூடிய வயது பிள்ளைக்கு இருந்தால் அந்த விருப்பத்தை நீதிமன்றம் ‘கருதலாம்’ என்கிறது. கருத வேண்டும் என்று சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, முடிந்தவரை பிள்ளைகளின் விருப்பத்தை ஒட்டி உத்தரவு போடச் சொல்கிறது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் ரோசி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. அது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு. 1992-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது உறுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தன்னைப் பாதிக்கிற வழக்கில் குழந்தை நேராகவோ பிரதிநிதி மூலமாகவோ பேச வாய்ப்பு வேண்டும் என்கிறது.

ஆக, கேட்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. யார் கேட்பது, கேட்டதை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் அவரவர் கைவாக்குக்கு விடப்பட்டிருக்கிறது.

நீதிபதியின் அறை

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். நீதிபதி பிள்ளையைச் சேம்பருக்கு அழைத்து, பெற்றோரையும் வக்கீல்களையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவார். எந்த ஸ்கூல், யார் கொண்டுபோய் விடுகிறார்கள், ராத்திரி யாரோடு தூங்குகிறாய் என்று ஆரம்பிக்கும். செலவு கிடையாது. முடிவெடுக்கிற ஆளே நேரடியாகக் கேட்கிறார், நடுவில் இன்னொருவர் வாய்வழியாக வருவதில்லை என்பது பெரிய பலம்.

அந்தப் பலம் எவ்வளவு என்பதற்கு 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். தாய் இறந்துவிட்டார். அந்தச் சாவு தொடர்பாகவே தகப்பன் மீது கிரிமினல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பையன் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். கீழ் நீதிமன்றமும் கல்கத்தா உயர் நீதிமன்றமும், இயற்கைக் காப்பாளர் தகப்பன்தானே என்று அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பையனைச் சேம்பருக்கு அழைத்துப் பேசினார்கள். அவன் தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்று தெளிவாகச் சொன்னான். உத்தரவு மாறியது. பையனின் விருப்பத்தையே கேட்காமல் விட்டது தவறு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அப்படியானால் இதுவே போதாதா? பெரிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போதும். பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தன் மனசைச் சொல்ல இன்னொருவர் வேண்டியதில்லை. சின்னப் பிள்ளை விஷயம் வேறு. காலையில் யாரோடு பஸ்ஸில் வந்ததோ அவர் பக்கம்தான் அன்றைக்கு அது பேசும். வழி நெடுக அம்மா அழுதுகொண்டே வந்திருந்தால், அப்பா ஹோட்டலில் பூரி வாங்கிக் கொடுத்திருந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வருவது அன்றைய காலைதான். அனுபவமுள்ள நீதிபதிகளுக்கு இது தெரியும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற குழந்தையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ‘சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்’ என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்துவிட்டால், அதே பிள்ளை உண்மையாகச் சொன்னதும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அதைப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதாது.

அளவுகோல் ஒன்று: சேம்பரில் பேசியது எவ்வளவு பதிவாகும் என்பது அந்தந்த நீதிபதியைப் பொறுத்தது. சிலர் உத்தரவில் ஒரு வரியும் எழுத மாட்டார்கள், சிலர் சாரத்தை எழுதுவார்கள். எழுதினால் எதிர்த்தரப்பு படிக்கும். எழுதாவிட்டால் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்கு எதுவும் தெரியாது, பிள்ளையை மறுபடி அழைப்பார்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அது ஊராரைத்தான் வெளியே நிறுத்தும், மற்ற பெற்றோரை அல்ல.

அளவுகோல் இரண்டு: நீதிபதி மாற்றலாகிப் போவார். புதிதாக வருபவர் கேஸ் கட்டைத்தான் பார்ப்பார், கட்டில் அந்தப் பத்து நிமிடம் இருக்காது.

கவுன்சலர்

‘கவுன்சிலர்’ என்று எழுதினால் வார்டு கவுன்சிலர் ஞாபகம் வருகிறது, அதனால் கவுன்சலர் என்றே வைத்துக்கொள்கிறேன். 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், 6-ஆவது பிரிவில் இவர்களை நியமிக்க வழி செய்கிறது. 14-ஆவது பிரிவு அதைவிட முக்கியம்: சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடுகளைப் பார்க்காமல் எந்த அறிக்கையையும் இந்த நீதிமன்றம் ஏற்கலாம். சமூகப் பணி படித்த ஒருவர், வக்கீல் கறுப்பு அங்கி இல்லாத ஒரு அறையில், நாலைந்து தடவை பிள்ளையோடு பேசி எழுதித் தந்தால், அது நீதிபதியின் மேஜைக்கு நேராகப் போகலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நடைமுறையில் சறுக்குகிற இடம், அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பதிலேயே இருக்கிறது. 9-ஆவது பிரிவு நீதிமன்றத்தின் முதல் கடமையாகச் சொல்வது சமரசத்துக்கு முயல்வதை. கவுன்சலரின் முதல் வேலையும் அதுவாகிவிடுகிறது: கணவன் மனைவியைச் சேர்த்துவைக்க முடியுமா, முடியாவிட்டால் ஜீவனாம்சத்திலும் பிள்ளையிலும் ஒத்துப்போக வைக்க முடியுமா. அந்தப் பேச்சில் பிள்ளை ஒரு ஆளாக வருவதில்லை, பஞ்சாயத்தில் பிரிக்க வேண்டிய ஒரு அயிட்டமாக வருகிறது. எங்கள் வழக்கில் கவுன்சலர் அக்காவோடு மூன்று தடவை பேசினார், அத்தானோடு மூன்று தடவை. பையனோடு ஒரே தடவை, அதுவும் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு வெளியே பெஞ்சில் பதினெட்டு குடும்பம் காத்திருந்தது, எண்ணிப் பார்த்தேன்.

சமரசத் தீர்வு மையமும் ஏறக்குறைய இதே இனம்தான். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த ஏற்பாடு, பார்வை நேரம் (கூட இல்லாத பெற்றோர் பிள்ளையைப் பார்க்கிற நேரம்), பள்ளிக் கட்டணம், தீபாவளி யாரோடு பொங்கல் யாரோடு போன்ற விஷயங்களுக்கு நன்றாகவே உதவுகிறது. அங்கே பேசுகிறவர்கள் பெரியவர்கள். அதனால் குழந்தையின் தரப்பு என்ற தலைப்பில் இதற்கு அதிகம் சொல்ல இல்லை.

ஆனால் ரகசியம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பலருக்கும் இது தெரியாது. சமரசப் பேச்சில் சொன்னது வெளியே போகாது என்பது பொது விதி. பிள்ளை விஷயத்தில் அந்த விதி முழுசாகச் செல்லாது. சமரசத்தின்போது ஒரு கவுன்சலர் குழந்தையோடு பேசி எழுதிய அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வி டெல்லியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல், குழந்தையின் நலனை முடிவு செய்கிற வழக்கில் அப்படிப்பட்ட அறிக்கையைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. குழந்தையின் நலன் என்று பார்த்தால் நியாயமான முடிவுதான். அந்தக் குழந்தையிடம், ‘இங்கே என்ன வேணா சொல்லு, யாருக்கும் தெரியாது’ என்று வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வாக்கு என்ன ஆனது என்பதுதான் உறுத்துகிறது. வாக்கே கொடுக்காமல் இருப்பது நல்லது.

நிபுணர் அறிக்கை

குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மருத்துவ, சமூகநல நிபுணரின் உதவியைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஏ கட்டளையிலும் இதே ஏற்பாடு உண்டு. இதற்கு ஒரு இடைக்கால மனு போட வேண்டும். நீங்களாகவே ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போய் வாங்கிய சான்றிதழை நீட்டினால், எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே ‘பணம் கொடுத்தது யார்?’ என்று முடித்துவிடும். நீதிமன்றமே அனுப்பிய நிபுணர் என்றால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தனியார் என்றால் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள். முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஐந்து வயதுக் குழந்தையிடம் ‘அம்மாவா அப்பாவா?’ என்று கேட்பதே தப்பு. தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். படம் வரையச் சொல்வார், இரண்டு பேரோடும் தனித்தனியே விளையாடவிட்டுப் பார்ப்பார், தூக்கம், சாப்பாடு, படுக்கையை நனைப்பது என்று விசாரிப்பார். குழந்தை வாயால் சொல்லாததும் அறிக்கையில் வரும்.

இதன் கனத்தை 2025 ஜூலையில் பார்த்தோம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பதின்வயதை நெருங்கும் பையனைத் தகப்பனிடம் கொடுத்ததைச் சரி என்று முந்தைய ஆண்டு சொல்லியிருந்த உச்ச நீதிமன்றம், அதே முடிவைச் சீராய்வில் மாற்றித் தாயிடம் விட்டது. மாற்ற வைத்தது, அந்த உத்தரவுக்குப் பிறகு பையன் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறான் என்று சொன்ன மனநல அறிக்கைகள். உச்ச நீதிமன்றம் சீராய்வு மனுவில் தன் முடிவையே மாற்றுவது அபூர்வம்.

பிள்ளை ஒரு பெற்றோரிடம் போகவே மாட்டேன் என்கிற வழக்கிலும் இது அவசியம். ‘மனசைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று மறுதரப்பு சொல்லும். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுக்கும் போக்கு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக் கூடாது, இன்ன இன்ன நடத்தை என்று காட்ட வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. பிள்ளை பயந்து மறுக்கிறதா, யாரோ பழக்கிவிட்டதால் மறுக்கிறதா என்பதை வராந்தாவில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. அறிக்கை இரண்டு தரப்புக்கும் போகும், எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையும் நடக்கலாம். என் முதல் அளவுகோலில் இது சுத்தமாகத் தோற்கிறது. பையன் சொன்ன ஒரு வாக்கியம் எதிர்த்தரப்பு வக்கீல் வாயில் பத்துத் தடவை வரும். இரண்டாவது அளவுகோலில் பாதிதான்: நிபுணர் எழுதிக் கொடுத்ததோடு கிளம்பிவிடுவார். உத்தரவு வந்த பிறகு பிள்ளை எப்படியிருக்கிறது என்று பார்க்க, மறுபடி யாராவது மனு போட்டால்தான் உண்டு.

பிள்ளைக்கே ஒரு வக்கீல்

கஸ்டடி வழக்கில் மனுதாரர் ஒரு பெற்றோர், எதிர்மனுதாரர் இன்னொரு பெற்றோர். யாரைப் பற்றிய வழக்கோ அந்த ஆளுக்கு வக்காலத்தே கிடையாது. மைனர் பேரில் சொத்து வழக்கு என்றால், அந்த மைனரின் நலனுக்கு எதிரான நலன் இல்லாத ஒரு காப்பாளரை நியமிக்கச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை வழி சொல்கிறது. அரை ஏக்கர் நிலத்துக்குத் தனிக் காப்பாளர் உண்டு, அம்மாவிடம் இருப்பதா அப்பாவிடமா என்பதற்கு வழக்கமாக யாரும் இல்லை.

ஆனால் கேட்டால் கிடைக்க வழி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, நியாயத்துக்குத் தேவை என்று தோன்றினால் நீதிமன்றம் ஒரு சட்ட வல்லுநரின் உதவியைக் கேட்கலாம் என்கிறது. அமிக்கஸ் என்று நாளிதழில் படிப்போமே, அவர்தான். அடுத்தது சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம், 12-ஆவது பிரிவில் பெண்களையும் குழந்தைகளையும் தனியாகக் குறிப்பிடுகிறது. அவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அக்காவுக்கு இலவச வக்கீல் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். அவள் மகனுக்கும் அதே பிரிவில் தனியாகக் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒரு தனி வக்கீல் என்ன செய்வார்? பிள்ளையை வீட்டிலோ பள்ளியிலோ சந்திப்பார், இரண்டு பக்க ஆவணங்களையும் படிப்பார், இருவரிடமும் கேள்வி கேட்பார். பார்வை நேரம் பள்ளிப் பரீட்சையில் விழுகிறது என்று அடுத்த வாய்தாவில் எழுந்து சொல்வார். அவரிடம் பிள்ளை சொன்னதை வெளியே எடுப்பதும் எடுக்காததும் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. இரண்டு அளவுகோலிலும் தேறுகிறவர் இவர் ஒருவர்தான், ஆளைப் பொறுத்து.

அந்த ‘ஆளைப் பொறுத்து’ என்பது சின்ன விஷயமில்லை. குழந்தையோடு பேசப் பயிற்சி இல்லாத வக்கீல், ஃபைலைப் புரட்டிவிட்டு ‘நீதிமன்றம் விரும்பியபடி’ என்று உட்கார்ந்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்கான சுதந்திர வக்கீல் என்ற ஏற்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. அங்கேயே, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், அந்த வக்கீல் குழந்தையை நேரில் சந்தித்துக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் கீழே என்றாலோ, குழந்தையே வேண்டாம் என்றாலோ, வேறு அபூர்வக் காரணம் இருந்தாலோ விதிவிலக்கு. கட்சிக்காரரைப் பார்க்காமலே கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்ற நிலை குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும்.

இங்கிலாந்தில் ஒரு துறையே இருக்கிறதே?

லண்டன் பக்கம் இருக்கும் உறவுக்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். உண்மைதான். காஃப்காஸ் என்ற அமைப்பு 2001 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் இதற்கென்றே இருக்கிறது, வேல்ஸுக்குத் தனியாக ஒன்று. பிள்ளையை அரசு பெற்றோரிடமிருந்து எடுக்கிற வழக்கு என்றால் ஏற்பாடு பிரமாதம்: காப்பாளராக ஒரு சமூகப் பணியாளர், கூடவே பிள்ளைக்கு ஒரு வக்கீல். விவரம் தெரிந்த பிள்ளை காப்பாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால், வக்கீலுக்குத் தானே நேராகச் சொல்லலாம்.

பெற்றோர் இருவருக்குள் நடக்கிற வழக்கில் அவ்வளவு கிடையாது. முதல் வாய்தாவுக்கு முன் காஃப்காஸ் செய்வது போலீஸிலும் உள்ளாட்சியிலும் விசாரிப்பது, பெற்றோரோடு போனில் பேசுவது. அந்தக் கட்டத்தில் குழந்தையிடம் பேசுவதில்லை. அந்த நாட்டுக் குழந்தைகள் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அறிக்கை கேட்டால்தான் ஒருவர் வந்து பிள்ளையைப் பார்ப்பார். தனிக் காப்பாளர் சிக்கலான வழக்குகளில் மட்டும்.

வன்முறைக் குற்றச்சாட்டு உள்ள வழக்குகளை ஆராய்ந்து 2020 ஜூனில் வந்த அரசுக் குழு அறிக்கை ஒன்று கூச்சமில்லாமல் உடைத்துப் பேசியது: அப்பாவைப் பார்க்கணும் என்று சொன்ன பிள்ளையின் பேச்சு எடுபடுகிறது, பார்க்க மாட்டேன் என்ற பிள்ளையை யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒதுக்குகிறார்கள். நம் வராந்தாவில் நடப்பதேதான், நல்ல கட்டடத்தில். அதற்கப்புறம் 2022 பிப்ரவரியில் டார்செட்டிலும் வடக்கு வேல்ஸிலும் புது முறையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். வழக்கின் தொடக்கத்திலேயே பிள்ளையின் நிலையைப் பற்றி ஒரு அறிக்கை தயாராகிவிடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ‘தொடக்கத்திலேயே’ என்பதை. நம்மிடம் பிள்ளையை அழைப்பது பெரும்பாலும் எல்லாம் முற்றிய பிறகு.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் ஊரிலேயே போக்சோ நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக்குழு ஒரு ஆதரவு நபரை நியமிக்கிறது. விசாரணை முழுக்கக் கூட இருப்பார், வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்வார், ரகசியம் காப்பது அவர் கடமை. 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. அதே பிள்ளை, அதே குற்றச்சாட்டு, அடுத்த வாரம் குடும்பநல நீதிமன்றத்துக்கு வரும்போது அந்த நாற்காலி காலி.

குழந்தைகள் நலக்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் கஸ்டடிக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார்கள். அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்றால் உடனே செய்யுங்கள். யாரிடம் பிள்ளை இருப்பது என்ற சண்டையில் எதிர்த்தரப்பை மடக்குவதற்காகச் செய்யாதீர்கள். அது அவர்கள் தீர்க்கிற விஷயம் இல்லை, பிள்ளை இன்னொரு மேஜை முன்னாலும் நின்று முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும்.

நானாக இருந்தால்

ஆறு வயதுக்குக் கீழே என்றால் சேம்பருக்குக் கூட்டிப்போக மாட்டேன். 12-ஆவது பிரிவில் மனு போட்டு, ஒரே நிபுணர், குறைந்தது மூன்று சந்திப்பு, இரண்டு பெற்றோரோடும் தனித்தனியே என்று கேட்பேன். பன்னிரண்டு தாண்டிய பிள்ளைக்கு நீதிபதியின் அறையே சரி. அதற்கு முன்னால் இலவச வக்கீல் ஒருவரோடு அது ஒருமுறை உட்கார்ந்து பேசினால் நல்லது.

வன்முறையோ தொல்லையோ சொல்லப்படுகிற வழக்கு என்றால், வயது என்னவாக இருந்தாலும் தனி வக்கீலும் நிபுணரும் வேண்டும். செலவோ தாமதமோ பார்க்க மாட்டேன். சமரச மேஜையில் முதலில் உட்காரவும் மாட்டேன். இதற்கு நேர் எதிராக, பெற்றோர் இருவரும் ஓரளவு பேசிக்கொள்கிற நிலையில், ஞாயிறா சனியா என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், கவுன்சலரே போதும். மற்றதெல்லாம் பிள்ளைக்குத் தேவையில்லாத அலைச்சல்.

கஷ்டமான வயது ஏழிலிருந்து பதினொன்று வரை. எங்கள் பையன் அந்த வயதில்தான் இருந்தான். மனசைச் சொல்லத் தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும், அதனாலேயே சொல்லாது. இந்த வயதுக்குக் கவுன்சலரிடம் ஆரம்பிப்பேன். ஆனால் மனுவில் எழுதிக் கேட்பேன்: எல்லாச் சந்திப்பும் ஒரே கவுன்சலரோடு, பெற்றோர் யாரும் பக்கத்தில் இல்லாமல், பள்ளி விட்ட பிறகோ சனிக்கிழமையோ. ஒருமுறை யூனிஃபார்மோடு அரைநாள் லீவு போட்டு வந்து காத்திருந்து, அன்றைக்குக் கேஸ் எடுக்கவே இல்லை என்றால், அடுத்த தடவை அது பேசாது. கவுன்சலர் அறிக்கையில் குழப்பம் இருந்தால் மட்டும் நிபுணர். நீதிபதியின் அறை கடைசியில், ஒரே ஒருமுறை. பிள்ளை பேசியதை போனில் ரெக்கார்ட் செய்து பென்டிரைவில் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தன்னை வேவு பார்த்தது யார் என்பதைப் பிள்ளை மறக்காது.

இன்னொன்றையும் அன்றைக்கு நாங்கள் செய்யாமல் விட்டோம். பிள்ளையை உள்ளே அனுப்புவதற்கு முன், வக்கீல் எழுந்து நீதிபதியிடம் கேட்டிருக்கலாம்: “குழந்தை சொல்வதை உத்தரவில் எழுதுவீர்களா, சீல் வைத்த கவரில் வைப்பீர்களா?” பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அதை வராந்தாவில் அவனிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். “உள்ளே ஒரு மேடம் உன்கிட்ட பேசுவாங்க. நீ சொல்றதுல கொஞ்சம் எழுதுவாங்க, எழுதினது அப்பாவும் படிப்பார், அம்மாவும் படிப்பாங்க. உனக்குச் சொல்ல இஷ்டமில்லைன்னா, இஷ்டமில்லைன்னே சொல்லலாம்.”